கசடுக்கு நீ எழுதிய பெயர்

முதலில் கண்ணில் பட்டது உன் காதுதான்.

எங்கள் தெருமுனை டிபன் வண்டிக்காரர் மழைக்கு ஒரு பேனரைக் கூரையாகக் கட்டியிருந்தார், தலைகீழாக. மடிப்புக்கு வெளியே ஒரு காது, காதில் சின்ன வளையம், பக்கத்தில் சிவப்பு ரிப்பன் வைத்த பாதிச் சடை. மீதியெல்லாம் உள்பக்கமாக மடிந்து, இட்லிப் பானை ஆவியில் வியர்த்துக்கொண்டிருந்தது. அந்த வளையம் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அதை வைத்துத்தான் அது நீ என்று தெரிந்தது. உன் கண்ணீர் அஞ்சலி பேனர். உன் மாமா பையன்கள் கட்டினது. கட்டின புதிதில் நீ சீருடையில் நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். அந்தப் பக்கம் போகப் பிடிக்காமல், கடைக்குப் பின்தெரு வழியாகப் போய்வந்தேன். காற்றில் கயிறு அறுந்து தொங்கினதும் வண்டிக்காரர் எடுத்துக்கொண்டிருப்பார். நம் பக்கத்தில் எந்த பேனரும் வீணாவதில்லை.

இட்லி வாங்க நின்றேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. உனக்குத் தெரியுமே, நான் யாரிடமும் ஒன்றும் சொல்வதில்லை.

அன்றைக்கு மதியமே உன் அம்மா கடைக்கு வந்தார்கள். நான் இப்போது பாயின் ஹார்டுவேர் கடையில் நிற்கிறேன். நட்டு, போல்ட்டு, வாஷர் எல்லாம் அளவு பார்த்துப் பிரித்துப் போடுவது என் வேலை. பேசுவது பாயின் வேலை.

"இன்னாக்கா, ஆணியா, ஸ்க்ரூவா?" என்றார் பாய்.

"ஆளு வேணும் பாய். ஒரு நாளைக்கு."

"ஆளு கிலோ கணக்குல இல்லியேக்கா" என்று சிரித்தவர், உன் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். உள்ளே போய் எதையோ தேடுவது போல நின்றார்.

உன் அம்மாவுக்கு நெற்றி இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. மீன் விற்க மட்டும் மார்க்கெட்டுக்குத் திரும்பப் போகிறார்கள் போல. கையில் மீன் வாடை இருந்தது.

"ஸ்கூல்ல பெயின்ட் அடிக்கறாங்களாம் கண்ணு. அந்தக் கல்லுப் பொட்டியத் தூக்கிக் கவுத்து வெச்சிட்டானுங்க. எல்லாம் கலந்து கெடக்குது. நான் அவ பேருல ஒரு கண்ணாடி பீரோ செஞ்சி குடுக்கறேன். அதுல அடுக்கணும். மிஸ்ஸுக்குத் தெரியல. அடுக்கத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான்னாங்க. எம் பொண்ணுக்காக வா கண்ணு."

எம் பொண்ணுக்காக. முடியாது என்ற சொல் என் வாயில் பழகியதே இல்லை. தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. கல்லெல்லாம் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்தது. அந்த ஸ்டோர் ரூம் ஞாபகம் இருக்கிறதா உனக்கு? பி.டி. பீரியடில் மற்றவர்கள் கோ-கோ ஆட, நான் ஒளிந்துகொள்ளக் கண்டுபிடித்த இடம் அது. நீ என்னைத் தேடி வந்து, உடைந்த பெஞ்சுகளுக்குப் பின்னால் அந்த மரப்பெட்டியை உதைத்துக் கால் விரலைப் பிடித்துக்கொண்டு குதித்தாய். உள்ளே சின்னச் சின்னக் குழிகள், பஞ்சு வைத்து. குழிகளில் கற்கள் இல்லை. கற்கள் எல்லாம் ஒரு சாக்கில் கிடந்தன. கரப்பான் பூச்சி பசையைத் தின்று, ஒட்டியிருந்த பேர்ச் சீட்டெல்லாம் உதிர்ந்து தூளாகிவிட்டிருந்தன. மூடியின் உள்பக்கம் மட்டும், எந்தக் குழிக்கு எந்தக் கல் என்று அச்சடித்த தாள் மங்கலாக மிச்சம் இருந்தது.

ஜியாக்ரபி மிஸ் வந்து பார்த்துவிட்டு, "கண்காட்சிக்கு இதையே வைக்கலாம். யாராவது பிரிச்சு அடுக்கிக் கொடுப்பீங்களா?" என்றார். வகுப்பே கீழே பார்த்தது. கல்லைப் போய் யார் அடுக்குவார்கள்? நீ கையைத் தூக்கினாய். உன் கையை மட்டும் இல்லை, என் கையையும் பிடித்துச் சேர்த்துத் தூக்கினாய்.

"நீ கல்லப் பாரு, ஊமச்சி. பேசறத நான் பாத்துக்கறேன்."

ஆறாம் வகுப்பில் நீ வைத்த பெயர் அது. மற்றவர்கள் கூப்பிட்டால் காதில் ஈயம் ஊற்றின மாதிரி இருக்கும். நீ கூப்பிட்டால் என் பெயர் அதுதான் என்று தோன்றும். அப்போதே நம் வேலை அப்படித்தான் பிரிந்திருந்தது. பஸ்ஸில் டிக்கெட் கேட்பது நீ. கேண்டீனில் மீதிச் சில்லறை கேட்பது நீ. எனக்கு வயிற்று வலி என்று மிஸ்ஸிடம் போய்ச் சொல்வதுகூட நீதான். உன் வாய்தான் எனக்கும் வாய்.

கல் வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. கல் யாரையும் பேசச் சொல்வதில்லை. நகத்தால் கீறு, ஒன்றும் ஆகாவிட்டால் ஆணியால் கீறு, அதற்கும் மசியாவிட்டால் அதை வைத்துக் கண்ணாடியைக் கீறு. டைல்ஸின் பின்பக்கம் தேய்த்துப் பார்த்தால் கோடு எந்த நிறம் என்று தெரியும். வெளியே கறுப்பாக இருக்கிற கல் உள்ளே சிவப்புக் கோடு போடும். புத்தகத்தில் மூன்றே பக்கம்தான் இருந்தது: தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை. மூன்று பக்கத்தை நான் கிழியும் வரை படித்தேன். இது எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு கல்லையும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முடிவு செய்ததும் உன்னிடம் மெதுவாகச் சொல்வேன். நீ அட்டையில் எழுதுவாய். உன் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். பேர் சொல்வது நான், எழுதுவது நீ.

பளிங்குக் கல் மட்டும் சாக்கில் இல்லை. நீ விசாரித்துக்கொண்டே போய்ச் சத்துணவுக் கூடத்தில் கண்டுபிடித்தாய். சமையல் ஆயா அதில்தான் இஞ்சி நசுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆயா, இது பளிங்குக் கல்லு. தாஜ்மகால் கட்டற கல்லு."

"தாஜ்மகால்லயும் இஞ்சி நசுக்கித்தான் சாம்பார் வெப்பாங்க. எடுத்துகினு போ, போவசொல்ல வேற கல்லு குட்துட்டுப் போ."

எத்தனை சோப்புப் போட்டும் அந்தக் கல்லில் இஞ்சி வாசனை போகவில்லை. கெமிஸ்ட்ரி லேபிலிருந்து நீர்த்த அமிலம் வாங்கிவந்து அதன் மேல் ஒரு சொட்டு விட்டோம். பொங்கியது. "கோலி சோடா!" என்று நீ கத்திய கத்தில் ஹெச்.எம். அறையிலிருந்து ஆள் வந்தது.

பெட்டியில் இல்லாத கற்களை ஞாயிற்றுக்கிழமைகளில் தேடிப் போனோம். அப்போதுதான் தெரிந்தது, நம் ஊரில் தானாக இருக்கிற கல் ஒன்றுகூட இல்லை. எங்கே தோண்டினாலும் மணல். கடலோரம் கொட்டி வைத்திருக்கும் பாறைகள் எங்கேயோ குவாரியிலிருந்து லாரியில் வந்தவை. தண்டவாளக் கல் ரயிலில் வந்தது. எண்ணூர் ரோட்டில் பொறுக்கிய நிலக்கரி கப்பலில் வந்தது. "நம்ம ஊர்ல கல்லுகூட வாடகைக்குத்தான் குடி வந்துகீது" என்றாய். என் அப்பாவின் சுத்தியலால் கடலோரப் பாறையில் நீ ஒரு சில்லு தட்டிக்கொண்டிருந்தபோது, வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன் சத்தம் போட்டார்.

"இன்னா பாப்பா, கடல் வரக் கூடாதுன்னு வெச்ச கல்ல ஒடைக்கறீங்களே. நாளிக்கு தண்ணி வூட்டுக்குள்ள வந்தா உங்க வூட்ல வந்து பட்துக்கவா?"

"வாண்ணா, எங்க வூட்லயும் முட்டி வரைக்கும் தண்ணிதான் கீது" என்றாய். அவர் வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். நான் உன் பின்னால் நின்று சிரித்தேன். இப்படியெல்லாம் நீ இருந்தாய் என்பதையும் எழுதத்தான் வேண்டும். இல்லாவிட்டால் மற்றது ஏன் இத்தனை வலித்தது என்று யாருக்கும் புரியாது.

உனக்கு அது விளையாட்டு. எனக்கு அப்படி இல்லை, அது உனக்கு மட்டும்தான் தெரியும். அப்பா இரும்பு வார்க்கப் போகும் பவுண்டரியில் வாரத்தில் பாதி நாள்தான் வேலை இருந்தது. அம்மா ஒன்பதாவதோடு போதும் என்று சொல்லிவிட்டிருந்தார். மிஸ்ஸிடம் நீதான் போய்ச் சொன்னாய். மிஸ் என்னைக் கூப்பிட்டு, "இது மாவட்டக் கண்காட்சிக்குப் போகட்டும். அந்தப் பரிசோட நானே உங்க வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட பேசறேன். பதினொண்ணாவதுல சயின்ஸ் குரூப் வாங்கித் தர்றது என் பொறுப்பு" என்றார். வெளியே வந்ததும் நீ என் தோளை இடித்து, "கல்லு உன்னை இழுத்துகினு போவுது பார்" என்றாய். அன்றிலிருந்து ஒவ்வொரு கல்லையும் நான் என் படிப்பை எடுத்து வைப்பது போலத்தான் குழியில் வைத்தேன்.

கடைசியில் ஒரு குழி மிஞ்சியது. தீப்பாறை வரிசையில் நடுவில். மூடியில் இருந்த தாளில் அந்த இடத்துக்கு நேராக எரிமலைக் கல் என்று இருந்தது. சாக்கில் அது இல்லை. காலியாக விட்டுவிட்டு, 'கல் கிடைக்கவில்லை' என்று எழுதி வைக்கலாம் என்றேன். உன்னால் தாங்க முடியவில்லை.

"பல்லு போன வாய் மாதிரி கீதுடி. பக்கத்து டேபிள்ல அவளுங்க எரிமலை செஞ்சி புகை வுடப் போறாளுங்க. நம்மகிட்ட எரிமலைக் கல்லுகூட இல்லன்னா அசிங்கம்."

மறுநாள் செய்தித்தாளில் சுற்றி ஒரு கல் கொண்டுவந்தாய். கறுப்பு, பளபளப்பு, பன்னை உடைத்த மாதிரி உள்ளெல்லாம் ஓட்டை. பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. உனக்கும் தெரியும். எங்கள் தெருப் பள்ளத்தில் மழைத் தண்ணீர் நிற்காமலிருக்க லாரி லாரியாகக் கொட்டினதே அந்தப் பவுண்டரிக் கசடைத்தான். அதில் விழுந்து நம் இருவர் முட்டியும் கிழிந்திருக்கிறது.

"இது கசடுடி" என்றேன். "இரும்பு உருக்கசொல்ல மேல வர்ற அழுக்கு. எங்கப்பா கம்பெனில இருந்து வந்தது."

"கசடும் நெருப்புல பொறந்துதான? எரிமலையும் நெருப்புதான? பின்ன இன்னா?"

"அது பூமி பண்ணது. இது மனுசன் பண்ணது. இது பாறையே இல்ல."

"மெட்ராஸ்ல எரிமலை எங்க கீது, எவன் வந்து ஒத்துப் பாக்கப் போறான்? சும்மா கெட ஊமச்சி."

வேணாம் என்றேன். மறுநாளும் சொன்னேன். கண்காட்சி அன்று காலை, நீ அட்டையைக் குத்தி வைக்கும்போதும் சொன்னேன். நான் உன்னிடம் அத்தனை முறை எதையும் சொன்னதில்லை. நீ ரிப்பனைச் சரி செய்துகொண்டே, "நான் பாத்துக்கறேன்" என்றாய்.

மாவட்டக் கண்காட்சிக்கு எதை அனுப்பலாம் என்று பார்க்க மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த சார் நம் மேசையில் நிறைய நேரம் நின்றார். ஒவ்வொரு கல்லாகக் கையில் எடுத்துப் பார்த்தார். கடலோரச் சில்லைப் பார்த்து, "இதெல்லாம் நீங்களே தேடினதா?" என்று மிஸ்ஸிடம் சந்தோஷமாகத் திரும்பினார். நீ மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தாய், நான் உன் பக்கத்தில் நின்று நீ சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பிறகு அவர் அந்தக் கல்லை எடுத்தார். எடையைக் கையில் தூக்கிப் பார்த்தார். ஓட்டைக்குள் பார்த்தார்.

"எரிமலைக் கல்லா? இதை யாரும்மா சொன்னது?"

நீ ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

"இவதான் சார். கல்லுக்குப் பேர் சொல்றதெல்லாம் இவ வேலை. நான் எழுதறது மட்டும்தான் சார்."

அதில் பொய் எங்கே என்று தேடித்தான் பிடிக்க வேண்டும். மற்ற எல்லாக் கல்லுக்கும் அது உண்மை. அதனால்தான் யாரும் சந்தேகப்படவில்லை.

"உங்க அப்பா என்ன வேலை பார்க்கிறார்?" என்று சார் என்னைக் கேட்டார். நான் பேசவில்லை. நீதான் சொன்னாய், பழக்கத்தில்: "பவுண்டரி சார்."

"பவுண்டரிக்காரர் பொண்ணுக்குக் கசடு எதுன்னு தெரியலையா?"

அவர் சிரித்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை, முகம் கறுத்துவிட்டது. நான் உன்னைப் பார்த்தேன். அடுத்து நீ ஏதோ சொல்லப் போகிறாய், எப்போதும் போல என்னை வெளியே இழுத்துவிடப் போகிறாய் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ தரையைப் பார்த்தாய். அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அங்கே எரிமலை புகை விட்டுக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் அப்பா கேட்டார், "கல்லு எப்டிமா போச்சு?" கையில் தீக்காயம் ஆறாமல் களிம்பு பூசிக்கொண்டிருந்தார். நல்லா போச்சு என்று தலையாட்டினேன்.

மறுநாள் வகுப்பில் எனக்குப் புதுப் பேர் வந்திருந்தது. எரிமலை. அதற்கு மறுநாள் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டேன். வயிற்று வலி நீண்டுகொண்டே போனது. வீட்டுக்கு வந்து பேசுகிறேன் என்ற மிஸ் வரவில்லை. சும்மா படுத்திருக்கிறவள் கடையில் நின்றால் என்ன என்று அம்மா பாயிடம் கேட்டு வந்தார். என் படிப்பு நின்றது அவ்வளவுதான். ஒரு சண்டை இல்லை, அழுகை இல்லை.

கண்காட்சிக்கு அடுத்த ஞாயிறு, ஒரே ஒரு தடவை நீ வீட்டுக்கு வந்தாய். பன் பட்டர் ஜாம் வாங்கிவந்தாய். கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டு பள்ளிக் கதையெல்லாம் சொன்னாய். "வா மே. எல்லாம் மறந்துட்டாளுங்க. நான் கீறேன்ல?" என்றாய். நான் ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். மிஸ்கிட்ட நான் சொல்லிட்டேன் என்று நீ சொல்லியிருந்தால், அடுத்த நாளே பையைத் தூக்கியிருப்பேன். மன்னிப்புக்கூட வேண்டாம். நீ பன்னைப் பிய்த்துப் பாதி எனக்குக் கொடுத்தாய். சந்து முனையில் திரும்பி நின்று, "நாளிக்கு வந்துடு" என்று கத்தினாய்.

அதற்குப் பிறகு உனக்காக நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன். பயந்துவிட்டாய். பெரிய ஆள் முன்னால் யாருக்கும் வாய் குழறும். கேட்ட வேகத்தில் வந்துவிட்டது, பிறகு எப்படித் திருப்பி எடுப்பது என்று தெரியவில்லை. வாஷர்களைப் பிரித்துக்கொண்டே அதைத் தினமும் எனக்குச் சொல்லிக்கொள்வேன். என்றைக்காவது மார்க்கெட் பக்கம் எதிரே வருவாய், கேட்டுவிடலாம் என்றும் இருந்தேன். மழைக்காலத்தில் ஜுரம் வந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து நீ திரும்பவில்லை. எனக்கு யாரும் சொல்லவில்லை. பேனரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தெருவே உன்னை எப்பேர்ப்பட்ட பொண்ணு என்று பேசியது. நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். செத்தவளிடம் சண்டை போட முடியாது என்ற தைரியத்தில் போய்விட்டாய் என்றுகூடத் தோன்றியது.

நேற்று பள்ளிக்குப் போனேன். பெயின்ட் வாடை மூக்கில் ஏறியது. உன் அம்மா கற்களைத் தன் மீன் கூடைகளில் வாரி வைத்திருந்தார்கள். மிஸ், "வாம்மா, நல்லா வளர்ந்துட்டே" என்றார். நான் தரையில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தேன். கை எதையும் மறக்கவில்லை. உன் அம்மா ஒவ்வொரு கல்லாகத் தண்ணீரில் அலசி, முந்தானையில் துடைத்து, மீனைத் திருப்பிப் பார்ப்பது போல இரண்டு பக்கமும் பார்த்து என்னிடம் கொடுத்தார்கள். "இத்த எம் பொண்ணு தொட்டிருப்பா இல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தொட்டிருப்பா அத்த என்றேன். உன் கையெழுத்து அட்டைகளை மிஸ் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். கல்லுக்குப் பக்கத்தில் அவற்றை வைக்க வைக்க, உன் மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது போலத்தான் இருந்தது. பயந்துவிட்டாள், பாவம், என்று திரும்பவும் சொல்லிக்கொண்டேன்.

கூடையின் அடியில் அந்தக் கசடு கிடந்தது. மிஸ்தான் எடுத்தார்.

"ஞாபகம் இருக்கா? உன்னோட எரிமலைக் கல்."

கிண்டலாக இல்லை. பழைய நாளை நினைத்துப் பாசமாகத்தான் சிரித்தார். உன் அம்மாவும் சிரித்தார்கள். நீ போன பிறகு அவர்கள் சிரித்து நான் பார்ப்பது அதுதான் முதல் முறை.

"இத்தானா அது! அன்னிக்கு வூட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லி சிரிச்சா மிஸ். சோறு தின்ன வுடல எங்கள. 'ஊமச்சி இன்னா பண்ணா தெரியுமாம்மா, தெருவுல கெடக்கற கசட்ட எட்தாந்து எரிமலைன்ட்டா. வேணாம் வேணாம்னு எத்தினி வாட்டி சொன்னேன், கேக்கவே இல்லம்மா'ன்னு."

என் கையில் நிலக்கரி இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

உன் வீட்டில் எந்த சாரும் இல்லை. யாரும் உன்னைக் கேள்வி கேட்கவில்லை. சோற்றுத் தட்டு, உன் அம்மா, நீ. அங்கே பயப்பட என்ன இருந்தது? சிரிப்பதற்காகச் சொல்லியிருக்கிறாய். அதோடு நிறுத்தவும் இல்லை. வேணாம் வேணாம் என்று நான் உன்னிடம் சொன்ன சொல்லையும் எடுத்து, நீ சொன்னதாக வைத்துக்கொண்டாய். என்னிடம் இருந்ததே அந்த ஒரு சொல்தான். அடுத்த ஞாயிறு பன் வாங்கிக்கொண்டு வந்து, என் கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டினாய்.

"அது நான் இல்ல அத்த" என்றேன்.

குரல் காற்றாகத்தான் வந்தது. மிஸ்ஸுக்குக் கேட்கவில்லை. உன் அம்மா, "இன்னா கண்ணு?" என்று குனிந்தார்கள்.

"எரிமலைன்னு சொன்னது நான் இல்ல. அவதான் கொண்டாந்தா. அவதான் எழுதினா. வேணாம்னு சொன்னது நானு."

உன் அம்மா கையில் இருந்த கல்லைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். அது எப்போதோ காய்ந்துவிட்டது.

"அவ இல்லாத நேரத்துல சொல்றியே கண்ணு."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் எழுந்து ஓடியிருப்பேன்.

"அவ இருந்தப்ப எனக்கும் சேத்து அவதான அத்த பேசுவா."

மிஸ் கசடைக் கையிலேயே வைத்திருந்தார். "அன்னிக்கே என்கிட்ட தனியா வந்து சொல்லியிருக்கலாமே."

"நீங்க வூட்டுக்கு வர்றேன்னீங்க மிஸ்."

மிஸ் கசடை மேசை மேல் வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். உன் அம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போனார்கள். அங்கே நின்று அழுதார்கள், சத்தம் வராமல். எழுந்து போய்ப் பக்கத்தில் நிற்க நினைத்தேன். போகவில்லை. நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. வரிசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒன்று உனக்குச் சொல்ல வேண்டும். கடையில் யாராவது என்னை அதட்டினால், பஸ்ஸில் யாராவது இடித்தால், பதில் ஒன்று உடனே எனக்குள் எழும்பும். அது உன் பதில், உன் குரலில், உன் கிண்டலோடு. நான் அதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன். இப்போதும் அது போகவில்லை. உன் மேல் இருக்கிற கோபத்தைக்கூட உன் குரலில்தான் உன்னிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். நேற்று அந்த அறையில் பேசினபோது மட்டும் அது கேட்கவில்லை. கரகரவென்று வேறு ஏதோ வந்தது. என்னுடையது அப்படித்தான் இருக்கும் போல.

உன் அம்மா மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பி வந்தார்கள். என்னைப் பார்க்கவில்லை, மிஸ்ஸைப் பார்த்தார்கள்.

"பீரோ மேல வெக்கற போர்டுல இன்னா எழுதக் குட்துகீறீங்க?"

மிஸ் செல்போனில் பார்த்துப் படித்தார். கற்களைத் தொகுத்து வகைப்படுத்தியவர் என்று போட்டு, கீழே உன் பெயர்.

"இவ பேரையும் போடுங்க" என்றார்கள் உன் அம்மா. கொஞ்சம் பொறுத்து, "ஆனா எம் பொண்ணு பேரு மேல வரணும்" என்றார்கள்.

"சரி அத்த" என்றேன்.

மிஸ் போனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "உன் முழுப் பேர் என்னம்மா?"

இனிஷியலோடு சொன்னேன். சரியாகக் கேட்கவில்லை என்றார். இன்னொரு தரம், சத்தமாகச் சொன்னேன்.